புகையில்லா அடுப்பு: அளவு தவறினால் பயனில்லை

கேஸ் அடுப்பு வந்த பிறகும் குளியல் வெந்நீருக்கும் பண்டிகைச் சமையலுக்கும் விறகு எரிக்கும் வீடுகள் மைசூர்ப் பக்கத்தில் பல உண்டு. சிலிண்டர் வாங்கக் கையில் காசில்லாத மாதத்தில் விறகுதான் துணை. அந்த விறகைப் புகையில்லாமல் எரிக்க வழி கண்டவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்களே.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இடம் கொடுத்தது மைசூர் அரச குடும்பம். அங்கே 1974-ல் பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி முயற்சியால் கிராமப்புறத்துக்கான ‘அஸ்த்ரா’ பிரிவு தொடங்கியது. தும்கூர் மாவட்டம் உங்க்ரா கிராமத்தில் ஆய்வு நடந்தது. 1980-களில் பிறந்தது ‘அஸ்த்ரா ஒலே’. கன்னட ‘ஒலே’ நம் ‘உலை’க்கு உறவுதான்.

அமைப்பு என்ன?

புகை என்பது எரியாமல் வீணாகும் விறகே. மூன்று கல் அடுப்பில் நூறு பங்கு சூட்டில் சுமார் பத்துப் பங்குதான் பாத்திரத்தில் ஏறும். மற்றது காற்றோடு போகும்.

அஸ்த்ரா அடுப்பு மண்ணால் ஆனது. விறகு வைக்கும் வாய்க்குக் கதவு உண்டு. விறகுக்கு அடியில் கம்பித்தட்டு. அதன் கீழிருந்து காற்று வரும். தீ நன்றாக எரியும். அனல் சோற்றுப்பானை, குழம்புச்சட்டி, வெந்நீர்ப் பாத்திரம் என மூன்றையும் வரிசையாகத் தொட்டுவிட்டுப் புகைபோக்கி வழியே வெளியேறும். ஆய்வுக்கூடத்தில் நாற்பது பங்குக்கு மேல் சூடு பயன்பட்டது.

ஏன் கைவிட்டார்கள்?

1983-ல் மத்திய அரசு நாடெங்கும் புகையில்லா அடுப்புத் திட்டம் தொடங்கியது. 2002-ல் அது நின்றது. கட்டிய அடுப்புகளில் பல வெகுநாள் நிலைக்கவில்லை. கண்ணளவில் கட்டியதும், புகைபோக்கியைச் சுத்தம் செய்யாததும் முக்கியக் காரணங்கள். பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் இடைவெளி கூடினால் அனல் தொடாமல் ஓடும். குறைந்தால் புகை வாய் வழியே திரும்பும். பாதிக்கப்படுவது ஊதுகுழலோடு உட்காரும் பெண்களின் கண்ணும் நெஞ்சும்தான்.

கட்டுவோர் கவனிக்க

பயிற்சி பெற்ற கொத்தனாரைக் கொண்டு, வீட்டுப் பாத்திரத்தின் அளவுக்கே துளை வைக்கச் சொல்லுங்கள். புகைபோக்கி கூரைக்கு மேலே நிற்கட்டும். படிந்த கரியை அவ்வப்போது தட்டி எடுங்கள். விறகை நன்றாகக் காயவைத்து, சிறு துண்டுகளாகப் பிளந்து எரியுங்கள். ஈர விறகுக்கு எந்த அடுப்பும் புகையத்தான் செய்யும்.