ஷிப்டு முடியும்வரை நிற்குமா டியோ?

தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு வட்டாரத்தில் பொழுது விடிவதே கம்பெனி பஸ்களோடுதான். காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் இருட்டிலேயே குளித்து, அக்குளில் டியோ அடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பொதுவாக ஒரு நாள் வேலை 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. இடைவேளையையும் சேர்த்துப் பத்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் அது வகுத்திருந்தது. போகவர ஆகும் பயண நேரத்தையும் கூட்டினால், காலையில் குளித்தவர் மறுபடி குளிக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். டப்பாவின் மேல் 48 மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கே வாசனை விடைபெற்றுவிடுகிறது. உடனே நமக்குத் தோன்றுவது இன்னும் நாலு தடவை கூடுதலாக அடிப்பது. அங்கேதான் பிழை. டியோவின் ஆயுளைக் கூட்டுவது அளவு அல்ல. எந்த வகையை, எந்த நேரத்தில், எப்படிப்பட்ட தோலில் போடுகிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. நெற்றியிலும் முதுகிலும் வழிவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அது உடம்பைக் குளிர்விக்க வருவது. அக்குள் போன்ற சில இடங்களில் பருவ வயதில் விழித்துக்கொள்ளும் இன்னொரு வகைச் சுரப்பியும் இருக்கிறது. அதன் கசிவுக்கும் வெளியே வரும்போது வாசனை கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று உடைக்கும்போதுதான், நம் ஊரில் கத்தாழை நாற்றம் என்று சொல்லும் அந்த வாடை பிறக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா எந்த நொதியைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது என்பதை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யூனிலீவர் நிறுவனத்தோடு சேர்ந்து 2020இல் விளக்கினார்கள். ஆக, நாற்றத்துக்கு ஈரம் வேண்டும், உணவு வேண்டும், கிருமி வேண்டும். இந்த மூன்றில் எதைக் குறைத்தாலும் டியோ தாக்குப்பிடிக்கும் நேரம் கூடும். மூன்றையும் விட்டுவிட்டு மேலே வாசனையை மட்டும் அடித்தால், அந்த வாசனை ஆவியாகும்வரைதான் நிம்மதி.

கடையில் டியோ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்று, ஆல்கஹாலும் வாசனைத் திரவியமும் கலந்த பாடி ஸ்பிரே. ஆல்கஹால் கொஞ்சம் கிருமியைக் கொல்லும், வாசனை கொஞ்ச நேரம் மறைக்கும், வியர்வையை அது தொடாது. மற்றொன்று ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதில் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வையில் கரைந்து, சுரப்பிக் குழாயின் வாயில் பசைபோல் ஒரு அடைப்பை உண்டாக்கி ஈரத்தைக் குறைக்கும். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்று இருந்தால் இரண்டாம் வகை. இல்லையென்றால் அது பெரும்பாலும் வாசனைதான். இரண்டாம் வகையிடமும் அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் வகுத்த விதிப்படி, வியர்வையை 20 விழுக்காடு குறைத்தாலே ஒரு பொருள் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். 48 மணி நேரம் என்ற வாசகத்துக்கு அத்தனை நேரமும் அக்குள் காய்ந்து கிடக்கும் என்று பொருள் இல்லை. கத்திரி வெயிலும் கடலோரப் புழுக்கமும் சேரும் நம் மே மாதத்தில் அந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

அந்த அடைப்பு சரியாக உண்டாக வேண்டுமானால், போடும்போது தோல் உலர்ந்திருக்க வேண்டும், வியர்வை குறைவாக இருக்க வேண்டும். அவசர அவசரமாகக் குளித்து, ஈரம் போகாமல் தடவி, மேலே யூனிஃபார்மை மாட்டி பஸ்ஸுக்கு ஓடும்போது இரண்டும் நடப்பதில்லை. உப்பு குழாய்க்குள் இறங்கும் முன்பே வியர்வை அதைக் கழுவிவிடுகிறது. அதனால்தான் ஆன்டிபெர்ஸ்பிரன்டை இரவு படுக்கும் முன் தடவச் சொல்கிறார்கள் தோல் மருத்துவர்கள். காலையில் குளித்தால் எல்லாம் போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. சோப்பு கழுவுவது தோலின் மேற்பரப்பை. அடைப்பு உட்கார்ந்திருப்பது குழாய்க்குள். நைட் ஷிப்டு முடித்து வருகிறவருக்கு, குளித்துவிட்டுப் படுக்கப்போகும் காலை வேளைதான் அந்த நேரம். வேலைக்குக் கிளம்பும்போது வாசனை வேண்டுமென்றால் பாடி ஸ்பிரே இரண்டு அடி போதும்.

இது பாக்கெட்டுக்கும் நல்லது. 2011இல் வந்த ஃபாக் டியோ, திரவத்தை வெளியே தள்ளும் கேஸ் இல்லாத ஸ்பிரே, 800 முறை அடிக்கலாம் என்று சொல்லித்தான் சந்தையைப் பிடித்தது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வோம். நாளைக்கு நான்கு முறை அடிப்பவருக்கு ஒரு டப்பா 200 நாள் வரும். சட்டை, கழுத்து, முதுகு என்று பதினாறு முறை அடிப்பவருக்கு 50 நாளில் தீர்ந்துவிடும். கிருமி இருப்பது தோலில் என்பதால், சட்டை மேல் அடிப்பது வெறும் வாசனைச் செலவு. டப்பாவின் பருமனையும் நம்ப வேண்டாம். யூனிலீவர் 2013இல் பிரிட்டனில் கேஸைப் பாதியாகக் குறைத்து, சின்ன டப்பாவிலேயே பழைய பெரிய டப்பாவின் அத்தனை நாள் வரும்படி விற்றது. பெரிய டப்பாவில் இடத்தை அடைத்தது கேஸ்தான். இன்னொன்று: ஸ்பிரே டப்பா தீப்பிடிக்கும் பொருள். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியிலோ காருக்குள்ளோ அதை விட்டுவைக்கக் கூடாது.

துணிக்கும் இதில் பங்கு உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரைக் கடும் உடற்பயிற்சி செய்ய வைத்து, அவர்களுடைய பனியன்களை 2014இல் ஒப்பிட்டார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டரில் நாற்றம் கூடுதல். பாலியெஸ்டர் கலந்த யூனிஃபார்மை மாற்ற முடியாதவர்கள், உள்ளே பருத்தி பனியன் போட்டுத் தினமும் துவைத்தால் டியோவின் பாரம் குறையும். நேற்றைய வாடை தங்கிய சட்டைக்குள் எந்த டியோவும் நிற்காது.

அலுமினியம் புற்றுநோயைத் தரும் என்ற பயம் பலருக்கு உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, மார்பகப் புற்றுநோயோடு தெளிவான தொடர்பு எதுவும் இல்லை என்கின்றன. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்க வேண்டும். வியர்வையை அடைத்தால் உடம்பு சூடாகாதா என்பது அடுத்த கேள்வி. அக்குள் உடம்பில் மிகச் சிறிய பகுதி. குளிர்விக்கும் வேலையை மற்ற இடங்கள் பார்த்துக்கொள்ளும். அதற்காக முதுகிலும் மார்பிலும் பூசிவிடக் கூடாது. இதெல்லாம் புதுப் பழக்கமாயிற்றே என்பவர்களுக்குப் படிகாரத்தை நினைவுபடுத்தலாம். சவரக் கடையில் முகத்தில் தேய்க்கும் அந்தக் கட்டியும் அலுமினிய உப்புதான். குளித்த ஈரத்தில் ஒருமுறை தேய்த்தால் கிருமி குறையும். வியர்வையை நிறுத்தும் திறன் குறைவு, விலையும் குறைவு.

2024 ஆகஸ்டில் இதே வட்டாரத்தில் உள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இவ்வளவு பேர் நெருங்கி வாழ்ந்து, ஒரே பஸ்ஸில் போய், ஒரே லைனில் நிற்கும் வட்டாரத்தில் உடம்பு வாடையைத் தனி மனிதரின் குறையாகப் பேசுவது நியாயமில்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் எல்லாருக்கும் போதிய தண்ணீர், இரண்டாவது செட் யூனிஃபார்ம், துணி உலரக் காற்றோட்டமான இடம் ஆகியவற்றைத் தர வேண்டியது நிர்வாகங்களின் கடமை. டப்பாவுக்குள் இருப்பது துணைக்கு மட்டும்தான். அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, படுக்கும் முன் மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசுங்கள். அந்தக் கொஞ்சம் ஷிப்டு முடியும்வரை நிற்கும்.