ஈ-பாஸ் இருந்தால் காட்டில் கூடாரம் போடலாமா?

சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு விழுந்தால் போதும், நெய்வேலி டவுன்ஷிப்பில் வேன் ஏற்பாடாகிவிடுகிறது. அப்ரண்டிஸ் பையன்கள், ஒரே பிளாக்கில் வளர்ந்த நண்பர்கள், சில நேரம் கைக்குழந்தையோடு குடும்பங்கள். போகிற இடம் கொடைக்கானலைத் தாண்டிப் பேரிஜம் ஏரி. "இரவு ஏரிக்கரையில் டென்ட், கேம்ப்ஃபயர், தலைக்கு இவ்வளவு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கும். பணமும் ஜிபேயில் போய்ச் சேர்ந்திருக்கும். அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டால், "ஈ-பாஸ் எடுத்தாச்சு சார்" என்கிறார்கள்.

ஈ-பாஸ் வேறு, வன அனுமதி வேறு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த ஈ-பாஸ், மலைக்கு வரும் வண்டிகளைக் கணக்கெடுப்பதற்கானது. காட்டுக்குள் கால்வைக்க அது செல்லாது. பேரிஜம், கொடைக்கானல் நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, 2013-இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிற ஏரி அது. அங்கே போக கொடைக்கானல் மாவட்ட வன அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வண்டிகளுக்கு வரம்பு உண்டு. யானைக்கூட்டம் நின்றால் அன்றைக்குப் பாதையே கிடையாது. இரவெல்லாம் வண்டியில் வந்தவர்களுக்கு அது செக்போஸ்ட்டில்தான் தெரிகிறது. இந்த அலைச்சலைப் பற்றி வனத்துறை கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

அந்த அனுமதி பகலுக்கு மட்டும். ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க அதில் இடமில்லை. ஆகவே "ஏரிக்கரை டென்ட்" என்று விற்பவர், தன்னிடம் இல்லாததை விற்கிறார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 27-ஆம் பிரிவு அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதையும், 30-ஆம் பிரிவு தீ மூட்டுவதையும் தடுக்கிறது. 51-ஆம் பிரிவின்படி தண்டனை மூன்றாண்டு சிறை வரை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை, அல்லது இரண்டும். பிடிபட்டால் வழக்கு ஏற்பாட்டாளர் மேல் மட்டுமல்ல, உங்கள் மேலும் வரும். அரசு வேலைக்கு எழுதிக்கொண்டிருக்கிற பையன்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

வழக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். டாப் ஸ்டேஷன் பாதைக்குச் சீட்டு வாங்கிவிட்டுக் கொழுக்குமலைப் பக்கம் போனார்கள் என்றது அரசுத் தரப்பு. கீழே செக்போஸ்ட்டில் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்ற கேள்வியை நாம் அதற்குள் மறந்துவிட்டோம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், விடுதிக் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. கூடாரத்துணி யானைக்கு ஒரு பொருட்டே அல்ல.

மலையேற ஆசை இருந்தால் நேரான வழி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் 40 பாதைகளோடு முன்பதிவு தொடங்கியது. வழிகாட்டி கூட வருவார். தீக்காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றமே கிடையாது. அந்த மாதங்களில் யாராவது தேதி கொடுத்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். மற்ற மாதங்களில், பணம் அனுப்பும் முன் வன அனுமதிச் சீட்டின் நகலைக் கேளுங்கள். தேதி, பாதை, ஆட்களின் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். "மேலே போனதும் வாங்கிக்கலாம்" என்றால் பணம் அனுப்பாதீர்கள். செக்போஸ்ட்டில் ரசீது இல்லாமல் நோட்டு நீட்டவும் வேண்டாம். அது அனுமதி அல்ல, லஞ்சம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் செய்வது ஒன்றே ஒன்று: குரூப்பில் திட்டிவிட்டு வெளியேறுவது. தயவுசெய்து வெளியேறாதீர்கள், சாட்சியம் அதில்தான் இருக்கிறது. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. பணம் போன யுபிஐ பரிவர்த்தனை எண்ணை எழுதி வையுங்கள். பணம் வாங்கியவர் போனை அணைத்துவிட்டு மறைந்திருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஆள் இருக்கிறார், பணம் மட்டும் திரும்பவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

ஏற்பாட்டாளர் சென்னையிலோ கோவையிலோ இருக்கட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். புகார் மனுவோடு பிரமாணப் பத்திரம், பணம் அனுப்பிய சான்று, அந்த விளம்பரப் படம், உரையாடல் அச்சு, மின்னணுச் சாட்சியத்துக்கான பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் ஆகியவற்றை இணையுங்கள். "எல்லாம் என் பொறுப்பு" என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும், சேவைக் குறைபாட்டுக்குப் புகார் செய்யும் உரிமை போய்விடாது. கெடு இரண்டு ஆண்டு.

அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாள் வேலை இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட வன அலுவலகம், கொடைக்கானல் என்ற முகவரிக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு அனுப்புங்கள். இன்ன தேதியில் இன்ன குழுவுக்கு இரவு தங்க அனுமதி தரப்பட்டதா, தரப்பட்டிருந்தால் அதன் நகல் தருக என்று இரண்டே கேள்வி. தரப்படவில்லை என்று பதில் வந்தால் வழக்கில் உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆவணம் வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.