ஒரு பல் பிசகினால்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கார் எஞ்சினின் டைமிங் பெல்டை மாற்றுவது பழகிய கைக்கு அரை நாள் வேலை. சென்ற கோடை விடுமுறையில் அதை நான் நான்கு நாள் வேலையாக்கினேன். என் தாய்மாமன் பட்டறைக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பழைய மாருதி 800 வண்டியைக் கொண்டு வந்திருந்தார். மாமா வெளியூர் போயிருந்தார். பார்த்துப் பழகிய வேலைதானே என்ற துணிவில் நானே பெல்டை மாட்டினேன். அதில் செய்த பிழை ஒரே ஒரு பல் அளவுதான். அந்த ஒரு பல் எஞ்சினை என்ன பாடுபடுத்தும் என்பதையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

முதலில் பெல்டுக்கு என்ன வேலை என்று பார்ப்போம். ஜெர்மானியரான ஓட்டோ 1876-இல் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறைதான் இன்றும் பெட்ரோல் கார்களில் இருப்பது. உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என்ற நான்கு வீச்சுகளும் முடிவதற்குள் கீழேயுள்ள கிராங்க் தண்டு இரண்டு முறை சுழன்றுவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு வால்வும் அதற்குள் ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு முறைதான் சுழல வேண்டும். இதற்காகவே கேம் சக்கரத்தின் பற்கள் கிராங்க் சக்கரத்தின் பற்களைப் போல் சரியாக இரு மடங்கு. (வணரித் தண்டு, நெம்புருள் தண்டு என்று நல்ல தமிழ்ச் சொற்கள் உள்ளன. பட்டறையில் அவற்றைச் சொன்னால் மாமா என்னை ஏற இறங்கப் பார்ப்பார். எனவே பட்டறைச் சொற்களையே ஆளுகிறேன்.) கிராங்க் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இந்த வேகத்தில் இருவரையும் தாளம் தப்பாமல் பிணைத்து வைப்பதுதான் பெல்டின் வேலை.

அம்பாசிடர் கார்களின் பழைய எஞ்சின்களில் இதைச் செயின் செய்தது. பல் வைத்த ரப்பர் பெல்ட், பெருமளவில் உற்பத்தியான கார்களில், 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில்தான் முதலில் வந்தது. பெல்ட் சத்தம் போடாது, எண்ணெய் கேட்காது. ஆனால் நாளடைவில் வெடிப்பு விடும்; மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும்போது தாளம் தவறாதிருக்கத்தான் குறிகள். கிராங்க் சக்கரத்தில் ஒரு குறி, அதற்கு நேரே எஞ்சின் உடம்பில் அசையாத குறி ஒன்று. கேம் சக்கரத்துக்கும் அவ்வாறே. இரண்டு ஜோடியும் நேருக்கு நேர் நின்றால் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது, வால்வுகளும் அதற்கேற்ற நிலையில் இருக்கின்றன என்று பொருள். கிராங்க் குறியை மட்டும் நம்பக் கூடாது. பிஸ்டன் அமுக்க வீச்சின் முடிவிலும் உச்சிக்கு வரும், வெளியேற்றத்தின் முடிவிலும் வரும். எது என்று சொல்லக்கூடியது கேம் குறிதான். பார்க்கும் கண்ணும் குறிக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்து சாய்ந்து பார்த்தால், நம் ஆய்வகத்தில் அம்மீட்டர் முள்ளில் வருகிற அதே இடமாறு தோற்றப் பிழை இங்கும் வரும்.

நான் இரண்டு குறிகளையும் சரியாகவே நிறுத்தினேன். பெல்டை மாட்டினேன், டென்ஷனரை முறுக்கினேன், மூடியைப் போட்டேன். வண்டி கிளம்பியது, ஆனால் நடுங்கியது, மேட்டில் இழுக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிளக்குகளை மாற்றினேன். இரண்டு நாள் போயிற்று. அந்த ஆசிரியர் வாரம் ஒரு முறை தம் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அந்த வண்டியைத்தான் நம்பியிருந்தார். அந்த வாரம் இருவரும் பேருந்தில் போனார்கள். என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மாமா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “ரெண்டு சுத்து சுத்திப் பாத்தியா மாப்ளே?” என்பது. நான் பார்க்கவில்லை.

பெல்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. கிராங்க் கேமை இழுக்கும் பக்கம் ஒன்று, டென்ஷனர் இருக்கும் தளர்ந்த பக்கம் மற்றொன்று. இழுக்கும் பக்கத்தில் தளர்ச்சி சிறிதும் இருக்கக் கூடாது. நான் அந்தப் பக்கத்தில் ஒரு பல் கூடுதலாக விட்டு மாட்டியிருந்தேன். எஞ்சின் அசையாதவரை குறிகள் நேராகவே தெரிந்தன. கிராங்க் சுழலத் தொடங்கியதும் முதலில் அந்தத் தொய்வை இழுத்தது. கேம் ஒரு பல் பின்தங்கியது. கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் 9 பாகை. கிராங்க் கணக்கில் அது 18 பாகை. அவ்வளவு தாமதமாக வால்வு திறந்தால் எஞ்சின் எப்படி மூச்சு விடும்? சில எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. அவற்றில் பிசகு பெரிதானால் இரண்டும் மோதி வால்வு வளைந்துவிடும். அதனால்தான் பெல்ட் மாட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது கட்டையாக இடித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஏன் இரண்டு சுற்று? ஒரு சுற்றில் கேம் பாதிதான் திரும்பும். அதன் குறி எதிர்ப்புறம் போய் நிற்கும். இரண்டாம் சுற்றில்தான் இரு குறிகளும் ஒன்றாக வீடு திரும்பும். மாமாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் முப்பது ஆண்டுகளாகச் சுற்றிப் பார்க்காமல் அவர் மூடியைப் போட்டதில்லை.

மறுபடி மாட்டிச் சுற்றினோம். குறிகள் அச்சாக வந்து நின்றன. ஆனால் அடையாளத்துக்காகப் பெல்டின் மேல் நான் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் எங்கோ போய்விட்டன. மாமா முகம் சுருங்கியது. “பெல்ட் தாவிடுச்சோ?” என்றார். இல்லை மாமா என்று சுவரில் சாக்கட்டியால் எழுதிக் காட்டினேன். கிராங்கில் 20 பல், கேமில் 40, பெல்டில் 105 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 840. அதாவது கிராங்க் 42 முறை சுற்றிய பிறகுதான் கோடுகள் பழைய இடத்துக்கு வரும். சக்கரக் குறிகள் சரியாக இருந்தால் போதும், கோட்டைப் பற்றிக் கவலையில்லை என்றேன்.

மாமா சுவரையும் பார்த்தார், பெல்டையும் பார்த்தார். “அப்ப இதுல எத்தனை பல்லுன்னு எண்ணி, அத்தனை தடவை சுத்திக் காட்டு” என்று ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.