சட்டகமும் படிவமும்: மலையகத்துக் கைத்தொலைபேசித் திரையை முன்வைத்து ஒரு விளக்கம்

உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான உறவினை நாம் பெரும்பாலும் இலக்கியத் திறனாய்வின் பிரச்சினையாகவே நோக்கி வந்துள்ளோம். ஆயின், ஒரு விண்ணப்பப் படிவம் எவ்வுருவில் எவர் கையைச் சென்றடைகின்றது என்பதும் அதேயளவு சமூகப் பொருள்கொண்ட வினாவாகும். மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. அவர்களுள் ஏறத்தாழ 134,000 பேரே பிரசாவுரிமை பெற்றனர். சிறு குறைபாடுகளும் நிராகரிப்புக்குக் காரணமாக்கப்பட்டன. படிவம் என்பது இம்மக்களுக்கு வெறும் தாளன்று.

இன்று அப்படிவம் தாளிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்து வருகின்றது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் இப்போக்கு விரைவுபெற்றது. ஹற்றனிலோ தலவாக்கலையிலோ உள்ள லயன் அறையொன்றில் கணினியைக் காண்பது அரிது. குடும்பத்தினர் பலர் பகிர்ந்துகொள்ளும் கைத்தொலைபேசியே அங்குள்ள சாதனம். மறுபுறத்தில், பாடசாலையோ சங்கமோ தன் இணையப்பக்கத்தில் வெளியிடும் படிவம் பல வேளைகளில் அதன் சொந்த ஆக்கமன்று. கூகிள் போன்ற மூன்றாந்தரப்பு நிறுவனமொன்றின் படிவத்தை, தன் பக்கத்தில் ஒரு சாளரம் திறந்து அதனூடே காட்டுகின்றது. 'ஐஃப்ரேம்' எனப்படும் இச்சட்டகம் 1997இல் வெளியான எச்.ரி.எம்.எல். 4.0 வரையறையில் இடம்பெற்றது. அது மேசைக்கணினிக் காலத்தின் குழந்தை.

பிரச்சினை இங்குதான் தோன்றுகின்றது. கூகிள் படிவத்தைப் பதிப்பதற்கென வழங்கப்படும் குறிமுறையில் சட்டகத்தின் அகலம் 640 பிக்சல் என எழுதப்பட்டிருக்கும். மலிவான கைத்தொலைபேசித் திரையின் அகலமோ உலாவியின் கணக்கில் ஏறத்தாழ 360. எஞ்சிய 280 திரைக்கு வெளியே போய்விடுகின்றது. வினாவின் பின்பாதி மறைகின்றது. இதற்குப் படிவத்தைக் குறைகூறுவது தவறு. உள்ளிருக்கும் படிவம் திரைக்கேற்பச் சுருங்கும் இயல்புடையதே. ஆனால் அது தன்னை அளப்பது சட்டகத்தின் அகலத்தைக் கொண்டேயன்றித் தொலைபேசியின் அகலத்தைக் கொண்டன்று. 640 எனச் சட்டகம் கூறினால், 640 அகலமுள்ள திரையிலேயே தான் இருப்பதாக அது கொள்கின்றது. உள்ளடக்கத்தின் நெகிழ்ச்சியை இறுகிய உருவம் முடக்கிவிடுகின்றது.

பரிகாரம் எளிது. முதலாவதாக, 640 என்ற எண்ணை நீக்கி, அகலம் நூறு வீதம் என எழுதல் வேண்டும். இரண்டாவதாக, சட்டகத்தைத் தாங்கும் பக்கத்தின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' குறி இருத்தல் வேண்டும். அஃதின்றேல் உலாவி அப்பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமுள்ளதாகக் கருதி, முழுவதையும் எறும்பளவு எழுத்துகளாகச் சுருக்கிக் காட்டும்.

உயரம் இதனினும் சிக்கலானது. அகலம் குறையக் குறைய வரிகள் மடிந்து படிவம் நீளும்; நீண்ட சொற்களைக் கொண்ட தமிழ் வினாக்கள் மேலும் நீளும். உயரம் போதாவிடின் சட்டகத்துள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரு உருள்பட்டைகள் தோன்றும். விரல் எதனை நகர்த்துகின்றது என்பது தெரியாது. 'சமர்ப்பி' என்னும் பொத்தான் அடியில் மறைந்து கிடக்கும். வெளிப்பக்கம் உள்ளிருக்கும் படிவத்தின் உயரத்தை அறியவும் இயலாது. வெவ்வேறு தளங்களுக்குரிய பக்கங்கள் ஒன்றையொன்று நோக்குவதைப் பாதுகாப்புக் கருதி உலாவி தடைசெய்துள்ளது. ஜொட்ஃபோர்ம் போன்ற சில சேவைகள் உயரத்தைச் செய்தியாக அனுப்பும் சிறு நிரலொன்றை வழங்குகின்றன. அவ்வசதி இல்லாவிடத்து, தொலைபேசியிலேயே படிவத்தைத் திறந்து பார்த்து, தேவையான உயரத்தைத் தாராளமாக வழங்குதலே வழி. ஆனால் உயரம் மிகுந்தாலும் ஓர் இடர் உண்டு. சமர்ப்பித்த பின் தோன்றும் நன்றிச் செய்தி சட்டகத்தின் உச்சியில் இருக்க, பயனாளர் அடியில் வெறுமையைக் காண்பார்; விண்ணப்பம் போகவில்லையென எண்ணி மீண்டும் நிரப்புவார்.

எனவே, பதிக்காதிருப்பதே மேலான சந்தர்ப்பங்களும் உள. கணக்கினுள் நுழைய வேண்டிய படிவங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கூகிளின் நுழைவுப் பக்கம் பிறர் சட்டகத்துள் தோன்ற மறுத்துவிடும். நீண்ட படிவங்களும் இவ்வகையினவே. இவற்றுக்குச் சட்டகத்தைக் கைவிட்டு, படிவத்துக்கு நேரே செல்லும் பெரிய இணைப்பொன்றைக் கொடுத்தலே நன்று. பதித்தவிடத்தும் அவ்விணைப்பினை மேலே வைத்தல் விரும்பத்தக்கது.

640 என்னும் எண் இயற்கை விதியன்று. மேசைக்கணினி உடையவரை இயல்பான பயனாளராகக் கொண்ட ஒரு நோக்கின் எச்சம் அது. படிவத்தை நிறுவனம் ஆக்குகின்றது. பக்கத்தைச் சங்கம் நடத்துகின்றது. தொலைபேசியை வைத்திருப்பவரோ இவ்விரண்டிலும் குரலற்றவர். பொத்தானைக் காணாது கைவிட்டவர் விண்ணப்பதாரர் பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை. 1949இன் சட்டத்தின் கீழ் நிராகரிக்கப்பட்டோரின் கணக்காவது ஏடுகளில் எஞ்சியது. இவ்வாறு விடுபட்டோரை எண்ணுவதற்கோ எந்த ஏடும் இல்லை. ஆகவே, படிவத்தை வெளியிடுவோர் தம் மேசைக்கணினியில் அது நன்றாகத் தெரிகின்றதென அமையாது, தோட்டத்துக் கைத்தொலைபேசியொன்றில் முதல் வினா முதல் நன்றிச் செய்தி வரை ஒருமுறை தாமே நிரப்பிப் பார்த்தல் கடமையாகும்.