முயலின் முடி ஏன் ஓயாமல் உதிர்கிறது?

எங்கள் வீட்டு முயலின் வெள்ளை முடி உம்மாவின் கறுப்பு அபாயாவிலும் வாப்பாவின் முஸல்லாவிலும் ஒட்டாத நாளில்லை. “இதற்கு ஏதோ வருத்தம், யாருக்காவது கொடுத்துவிடுவோம்” என்ற பேச்சு எழுந்ததும் நான் காரணங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முயல் வளர்க்கும் தோழியருக்கும் பெற்றோருக்கும் உதவும் என்பதால் அறிந்ததை எழுதுகிறேன்.

முடி உதிர்வது முயலுக்கு இயல்பு. குட்டிப் பருவத்து மென்மயிர் நான்கைந்து மாதத்தில் விழுந்து வேறு முடி வரும். குளிர்நாடுகளில் அதன்பின் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், பெருமளவில் உதிரும். பகல் நீள்வதையும் குறுகுவதையும் கொண்டே முயலின் உடல் பருவத்தை அறிகிறது. கொழும்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. இரவு 10 மணிவரை மின்குமிழ் எரியும் வீட்டுக்குள் அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்துவிடும். ஆகவே இங்கே வளரும் முயலுக்குக் கொஞ்சங் கொஞ்சமாக வருடம் முழுவதும் முடி உதிர்வது வியப்பல்ல.

நோயா இல்லையா என்பதை முடியை விரலால் விலக்கிப் பார்த்தே ஓரளவு அறியலாம். தோல் சுத்தமாக இருந்து, அடியில் புதுமுடி முளைத்திருந்தால் பயமில்லை. எங்கள் முயலில் நான் கண்டது அதுதான். கழுத்திலும் முதுகிலும் பொடுகு போல வெள்ளைச் செதில்கள் தெரிந்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகள் இருக்கலாம். மூக்கு, காது, கால்களில் பொருக்குடன் முடியற்ற திட்டுக்கள் வந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இவ்விரண்டும் மனிதருக்கும் தொற்றக்கூடியவை; வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மிகுந்த கவனம் தேவை. பெண் முயல் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கினால் அது குட்டிக்குக் கூடு கட்டுகிறது. ஆண் முயலே இல்லாத வீட்டிலும் இந்தப் பொய்க் கர்ப்பம் வந்து, இரண்டரை வாரமளவில் தானே தீர்ந்துவிடும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது உடையில் ஒட்டும் முடிக்கல்ல, முயல் விழுங்கும் முடிக்கே. முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. ஆனால் அதனால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு நிறையப் புல்லும் தண்ணீரும் கிடைத்தால் விழுங்கிய முடி புழுக்கையோடு வெளியேறும். பாணும் கரட்டும் மட்டும் கொடுத்து வளர்த்தால் குடலின் இயக்கம் மந்தமாகி முடி உள்ளே இறுகிவிடும். நார்ச்சத்துக் குறைந்த முயல் தன் முடியையே கடித்துத் தின்பதும் உண்டு. புழுக்கைகள் முடியில் கோர்த்தாற்போல் விழுவது முதல் எச்சரிக்கை. அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

உணவில் பெரும்பங்கு புல்லாகவே இருக்கட்டும். கினிப்புல் நம் ஊர்களில் தாராளமாக முளைக்கிறது. உதிரும் நாட்களில் மென்மையான தூரிகையால் தினமும் வாரிவிடுங்கள். அதை முற்றத்தில், ஆஸ்துமா இல்லாத ஒருவர் செய்வது நல்லது. முயலின் எச்சிலும் தோற்செதிலும் முடியோடு பறந்து மூச்சிழுப்பைத் தூண்டும். குளிப்பாட்ட வேண்டாம், முயல் அதிர்ச்சியடையும். நாய்களுக்குத் தெள்ளு, உண்ணி போகப் பூசும் பிப்ரோனில் மருந்தை முயலுக்கு ஒருபோதும் போடாதீர்கள், அது உயிரையே பறித்துவிடும்.