கிரிஸிலைசர்: இரைச்சலை இசையாக்கிய பெட்டி

லண்டனின் வடகிழக்குப் பகுதியில் உள்ளது ஹாக்னி. அங்கே மார்ட்டெல்லோ தெருவில், 1970களில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நான்கு பேர் ஒலியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்: ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜ், கோஸி ஃபேனி டுட்டி, பீட்டர் கிறிஸ்டோஃபர்சன், கிறிஸ் கார்ட்டர். குழுவின் பெயர் த்ராபிங் கிரிஸில். ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற இசை வகைக்குப் பெயர் வந்ததே இவர்கள் நடத்திய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸால்தான். 1977இல் வந்த இவர்களின் முதல் இசைத்தட்டு, முதல் பதிப்பில் 785 பிரதிகள் மட்டுமே.

இவர்களது ஒலிக்கு முத்திரை தந்த கருவி கிரிஸிலைசர். அது கடையில் வாங்கியதல்ல. 1975இல் பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் ராய் க்வின் என்பவர், கிதாருக்கான எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்றின் மின்சுற்றை வெளியிட்டிருந்தார். அதை அடிப்படையாக வைத்து கார்ட்டர் தன் கையாலேயே சால்டர் செய்து உருவாக்கிய பெட்டி இது.

அது எப்படி வேலை செய்கிறது? ஓடுகிற மின்விசிறிக்கு முன்னால் நின்று ‘ஆ’ என்று கத்தினால் குரல் துண்டு துண்டாகக் கேட்குமே, ஏறக்குறைய அதேதான். பெட்டிக்குள் இருக்கும் ஆஸிலேட்டர் ஒரே சீராக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத் தருகிறது. அது ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும். சுவிட்சை மாற்றினால், ஒலியின் எந்தப் பகுதி வெளியே கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபில்டரை அசைக்கும். அலையின் வடிவத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். முக்கோண அலை என்றால் ஒலி மெல்ல எழுந்து அடங்கும். சதுர அலை என்றால் வெட்டி வெட்டி வரும். வேகத்தை மிகவும் கூட்டும்போது துடிப்புகளைத் தனித்தனியாகக் காது பிரித்தறியாது. துடிப்பே ஒரு சுருதியாகி, மூல ஒலியோடு கலந்து உலோகம் உரசுவது போன்ற கரகரப்பைக் கிளப்பும். கோஸியின் கிதார் இதன் வழியே வரும்போது ஆலைச் சத்தமாக மாறிவிடும்.

குழுவின் வித்தியாசமான கருவி இது மட்டுமல்ல. கிறிஸ்டோஃபர்சன், பல கேசட் பிளேயர்கள் இணைக்கப்பட்ட ஒரு கீபோர்டை, கட்டையை அழுத்தினால் பதிவுசெய்த பேச்சும் சத்தமும் ஒலிக்கும்படி வாசித்தார். இதையே செய்யும் சாம்ப்ளர் கருவிகள் பரவலாகக் கிடைக்காத காலம் அது.

குழு 1981இல் கலைந்தது. பின்னாளில் கிரிஸிலைசர், மாட்யூலர் சிந்தசைசரில் பொருத்தும் தொகுதியாக விற்பனைக்கு வந்தது. ஒரு புதிய இசையின் முத்திரை ஒலிக்கு வழிதிறந்தது பத்திரிகையில் அச்சான ஒரு மின்சுற்றுப் படம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் மாணவர்கள் தேர்வுக்காக வரையும் ஆஸிலேட்டரையும் ஃபில்டரையும் ஒருமுறையாவது செய்து பார்த்து, ஸ்பீக்கரில் கேட்க வேண்டும்.