நுண்நினைவகத்தில் நெடுங்கணக்கு

சலவைப் பொறி, குருதிச் சர்க்கரை காட்டும் கருவி முதலியவற்றினுள் சிறு கணிப்பொறி ஒன்று மறைந்து இயங்குவதை நாம் அறிவோம். அதன் நினைவகம் மிகச் சிறிது. ‘ஆர்டுயினோ ஊனோ’ பலகையிலுள்ள சில்லில் நிரலைத் தாங்கும் நிலையான நினைவகம் 32 கிலோபைட். தற்காலிக நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. இதனுள் படங்களை அடக்குவது எங்ஙனம்?

கறுப்பு வெள்ளைப் படத்தின் புள்ளிக்கு இரண்டே நிலைகள்: ஒளிர்தல், ஒளிராமை. ஆகவே ஒரு புள்ளிக்கு ஒரு பிட் போதும். எட்டுப் புள்ளிகள் ஒரு பைட்டில் அடங்கும். 128க்கு 64 புள்ளிகள் கொண்ட திரையின் முழுப்படம் 1024 பைட்டே. மாறாத படங்களை நிலையான நினைவகத்தில் வைத்து, வேண்டும்போது படித்துக்கொள்வதே முறை.

இனித் தமிழுக்கு வருவோம். ஓர் எழுத்துக்கு 16க்கு 16 புள்ளிக் கட்டம் எனக் கொண்டால் 32 பைட் ஆகும். 247 எழுத்துக்கும் 7904 பைட். ஆயின் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகிய நான்கும் எழுத்தோடு ஒட்டாது தனித்து நிற்பன. ஒருமுறை வைத்தாலே போதும். ஔகாரத்திற்கு ளகர வடிவமே உதவும். எனவே உயிர் 12, ஆய்தம் 1, மெய்யும் அ, இ, ஈ, உ, ஊ ஏறிய உயிர்மெய்யும் 108, குறிகள் 4 என 125 வடிவங்களில், அதாவது 4000 பைட்டில், நெடுங்கணக்கு முழுதும் அடங்கிவிடும். ணா, றா, னா, லை முதலியவற்றை ஒழுங்குபடுத்திய 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தமே இச்சிக்கனத்தை முழுமையாக்கியது.

கருவியின் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் தோன்றின், அம்மொழி அறியாத முதியவர்க்கு அக்கருவி ஊமையே. இடமில்லை என்னும் சொல் இனிப் பொருந்தாது. நிரல் கற்கும் நம் மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக!